வீட்டு நீச்சல் குளத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? கானாடுகாத்தான் குளத்தை வைத்து ஒரு கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டைப் புதுப்பித்து, பின்கட்டைத் தாண்டியுள்ள தோட்டத்தில் 30 அடி நீளம், 15 அடி அகலத்தில் நீச்சல் குளம் கட்டி முடித்திருக்கிறீர்கள். ஆழம் ஒரு முனையில் 3 அடி, மறுமுனையில் 6 அடி. ஒப்பந்தக்காரர் 76,000 லிட்டர் பிடிக்கும் என்கிறார். நீங்கள் சராசரி ஆழத்தை வைத்துப் போட்டால் 57,000 வருகிறது. இதில் எது சரி, எத்தனை லாரி தண்ணீருக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். "கோடையில் ஊருணியே வற்றிப் போகிற ஊரில் இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?" என்று உங்கள் அப்பச்சி கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பதும் நியாயமான கேள்விதான், அதற்கும் கீழே வருகிறேன்.

முதலில் விடை. இரண்டு கணக்குமே சரியில்லை. நீங்கள் கொடுத்த குறுக்குவெட்டுப் படத்தின்படி உங்கள் குளத்தில் 45,000 லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் நான்கு நடை போதும், நான்காவதில் கொஞ்சம் மிஞ்சும். உங்கள் கணக்கை நம்பினால் ஐந்து நடை சொல்லியிருப்பீர்கள். ஒப்பந்தக்காரர் கணக்கை நம்பியிருந்தால் ஏழு.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்று பார்ப்போம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அடி. ஒரு கன அடிக்கு 28.317 லிட்டர். மீட்டரில் அளந்தால் இன்னும் எளிது, ஒரு கன மீட்டர் என்பது சரியாக 1,000 லிட்டர். இந்தப் பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. தவறெல்லாம் எந்த ஆழத்தைப் போடுகிறோம் என்பதில்தான் வருகிறது. ஒப்பந்தக்காரர் முழுக் குளத்துக்கும் 6 அடி ஆழம் போட்டிருக்கிறார்: 30 × 15 × 6 = 2,700 கன அடி, அதாவது 76,456 லிட்டர். மண் தோண்டியதற்குக் கூலி கணக்கிட்ட பழக்கத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். நீங்கள் 3-க்கும் 6-க்கும் சராசரி எடுத்து 4.5 அடி போட்டிருக்கிறீர்கள்: 2,025 கன அடி, 57,342 லிட்டர். பள்ளிக்கூடத்தில் படித்தபடி அது சரியான முறை. ஆனால் உங்கள் குளத்துக்கு அது பொருந்தாது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம், 3 அடியும் 6 அடியும் சுவரின் உயரம், தண்ணீரின் ஆழம் அல்ல. உங்கள் படத்தில் ஸ்கிம்மர் வாய் இருக்கிறது. தண்ணீர் மட்டம் அந்த வாயின் நடுப்பகுதிக்குத்தான் வரும், மேல் விளிம்புக் கல்லிலிருந்து 6 அங்குலம் கீழே. அதற்கு மேல் நிரப்பினால் மேலே மிதக்கும் இலை தழையை ஸ்கிம்மர் இழுக்காது. ஆகவே உண்மையான ஆழம் இரண்டரை அடியும் ஐந்தரை அடியும்தான். இந்த ஆறு அங்குலம் சின்ன விஷயம் இல்லை. உங்கள் குளத்தின் மேற்பரப்பு 450 சதுர அடி. ஓர் அங்குலத் தண்ணீருக்கு 37.5 கன அடி, அதாவது 1,062 லிட்டர். ஆறு அங்குலத்துக்கு 6,370 லிட்டருக்கு மேல் போகிறது. விளிம்பு வரை நிரம்பி நாற்புறமும் வழிகிற மாதிரிக் குளமாக இருந்தால் இந்தக் கழிவு கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட குளத்துக்கு வழிகிற நீரைப் பிடிக்கத் தனியாக ஒரு தொட்டி வேண்டும், அதன் கொள்ளளவும் கணக்கில் சேரும்.

இரண்டாவது காரணம் தரையின் அமைப்பு. ஆழமற்ற முனையிலிருந்து ஆழமான முனை வரை தரை ஒரே சீராகச் சரிந்தால் மட்டும்தான் இரண்டு ஆழங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கலாம். உங்கள் குளம் அப்படி இல்லை. முதல் 12 அடி சமதளம், அடுத்த 10 அடி சரிவு, கடைசி 8 அடி மறுபடி சமதளம். குழந்தைகள் நிற்பதற்காக ஆழமற்ற பகுதியை நீளமாக வைத்திருக்கிறீர்கள், நல்ல யோசனைதான். ஆனால் அதனால் சராசரி ஆழம் குறைந்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் குளத்தைத் துண்டு போட்டுத்தான் கணக்கிட வேண்டும்:

12 × 15 × 2.5 = 450 கன அடி
10 × 15 × 4 = 600 கன அடி (சரிவில் 2.5-க்கும் 5.5-க்கும் சராசரி 4)
8 × 15 × 5.5 = 660 கன அடி

மொத்தம் 1,710 கன அடி, 48,422 லிட்டர்.

மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலானோர் மறந்தே போவார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கட்டடம் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆழமற்ற முனையில் 5 அடி அகலத்தில் மூன்று படி கட்டியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் ஓர் அடி மிதி, 9 அங்குல உயரம். தரையிலிருந்து பார்த்தால் படிகளின் உயரம் முறையே 0.75, 1.5, 2.25 அடி. கூட்டினால் 4.5, அகலமான 5 அடியால் பெருக்கினால் 22.5 கன அடி. இது 637 லிட்டர், பெரிதில்லை. ஆனால் ஆழமான முனையின் சுவரை ஒட்டி முழு அகலத்துக்கும், ஒன்றரை அடி உள்நீளும்படி, உட்காரத் திண்ணை கட்டியிருக்கிறீர்களே, அது வேறு கதை. தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே உட்காரும் இடம். அப்படியானால் தரையிலிருந்து 4 அடி உயரத்துக்குக் கட்டடம் நிற்கிறது. 15 × 1.5 × 4 = 90 கன அடி. 2,548 லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் செங்கல்லும் கான்கிரீட்டும் நிற்கின்றன.

இரண்டையும் கழித்தால் 1,597.5 கன அடி. லிட்டரில் 45,236.

நீங்கள் போட்ட 57,342-லிருந்து இது 12,000 லிட்டருக்கு மேல் குறைவு. ஒரு முழு லாரித் தண்ணீர், அதற்கான காசு, அதை எங்கே விடுவது என்ற தலைவலி, எல்லாம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இப்போது அளக்கும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் போட்ட கணக்கு படத்தில் உள்ள அளவுகளை வைத்து. படத்தில் உள்ளது செங்கல் முகமா, பூச்சும் டைல்ஸும் முடிந்த முகமா என்று பாருங்கள். நான்கு பக்கமும் பூச்சு, பதிப்பு, கல் என்று இரண்டிரண்டு அங்குலம் உள்ளே வந்திருந்தால் 30 அடி 29 அடி 8 அங்குலம் ஆகிவிடும், 15 அடி 14 அடி 8 அங்குலம். மேற்பரப்பில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போய்விட்டது. உங்கள் குளத்தில் அது ஏறத்தாழ 1,500 லிட்டர். அதனால் வேலை முற்றிலும் முடிந்த பிறகு ஒருமுறை உள்ளே இறங்கி டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது. நீளத்தை ஒரே இடத்தில் அளந்து விடாதீர்கள். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து சராசரி எடுங்கள். மூலைகள் சதுரமாக இருக்கின்றனவா என்பதற்கு மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 30-க்கு 15 என்றால் இரண்டும் 33 அடி 6½ அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் குளம் ஒருபக்கம் சாய்ந்த இணைகரமாக இருக்கிறது என்று பொருள், பரப்பு சற்றுக் குறையும்.

ஆழம் அளக்கும்போது மேல் விளிம்புக் கல்லை நம்பாதீர்கள். கல் பதித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 30 அடி ஓட்டத்தில் கால் அங்குலம், அரை அங்குலம் ஏற்ற இறக்கம் இருக்கும். அரை அங்குலத்துக்கே 531 லிட்டர் என்பதை நினைவில் வையுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கண்ணாடிபோலத் தெரிகிற குழாயில் தண்ணீரை ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையை ஸ்கிம்மர் வாயின் நடுவில் பிடியுங்கள். மறுமுனையை நான்கு மூலைக்கும் கொண்டுபோய், குழாயில் தண்ணீர் நிற்கிற இடத்தில் டைல்ஸ் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் நீர்மட்டம். இந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து தரை வரை தூக்குக்குண்டு விட்டு அளந்தால் கிடைப்பதுதான் தண்ணீரின் ஆழம். சமதளப் பகுதியில் ஐந்தாறு இடம், சரிவு தொடங்கும் இடம், முடியும் இடம், ஆழமான முனையில் ஐந்தாறு இடம் என்று எடுங்கள். தண்ணீர் வடிவதற்காகத் தரைக்கு மெல்லிய வாட்டம் கொடுத்திருப்பார்கள், சமதளம் என்று சொல்கிற இடத்திலும் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் வரலாம்.

வட்டக் குளம் கட்டியவர்களுக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.7854-ஆல் பெருக்கி, ஆழத்தால் பெருக்குங்கள். 12 அடி விட்டம், 4 அடித் தண்ணீர் என்றால் 452 கன அடி, ஏறத்தாழ 12,800 லிட்டர். நீள்வட்டத்துக்கும் அதே 0.7854, விட்டத்துக்குப் பதிலாக நீளத்தையும் அகலத்தையும் போட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி பள்ளத்தூர் வீட்டில் சிறுநீரக வடிவத்தில் சின்னக் குளம் போட யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த மாதிரி வளைவான வடிவத்துக்கு ஒரே சூத்திரம் தேடுவதைவிட, நில அளவையில் ஏரி, குட்டையின் பரப்பைக் காண்பதற்கு வழக்கமாகச் செய்வதையே செய்யலாம். நீளவாக்கில் ஒரு நூலை இழுத்து, சம இடைவெளியில் குறுக்கே அகலத்தை அளப்பது. 24 அடி நீளக் குளத்தில் 4 அடிக்கு ஒன்றாக அளந்தால் ஏழு அகலங்கள் கிடைக்கும். இரண்டு முனையிலும் பூஜ்யம், இடையில் 9, 12, 11, 10, 8 என்று வைத்துக்கொள்வோம். எளிய வழி, இடையில் உள்ளதைக் கூட்டி 4-ஆல் பெருக்குவது: 50 × 4 = 200 சதுர அடி. ஆனால் வளைந்த ஓரத்தை நேர்க்கோடாகப் பாவிப்பதால் இதில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் பகுதி விட்டுப்போகிறது. சிம்சன் விதியைப் போட்டால் அது ஓரளவு பிடிபடும். இரண்டாவது, நான்காவது, ஆறாவது அகலங்களை நான்கு மடங்காக்குங்கள்: 9 + 11 + 8 = 28, நான்கு மடங்கு 112. மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டு மடங்காக்குங்கள்: 22, இரண்டு மடங்கு 44. கூட்டினால் 156. முனைகள் பூஜ்யம். இதை இடைவெளியான 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 208 சதுர அடி. நூற்றுக்கு நான்கு கூடுதல். இந்த விதிக்கு அகலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். பரப்பு கிடைத்தபின் ஆழத்தை மேலே சொன்னபடி துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

பம்பு வாங்கும்போது அதனுடன் வருகிற கையேட்டில் அளவுகள் காலனில் இருக்கலாம், கவனம். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு பிசகும்.

இந்த எண் லாரிக்கு மட்டும்தானே தேவை, நிரம்பியதும் மறந்துவிடலாமே என்று தோன்றலாம். உண்மையில் நிரம்பிய பிறகுதான் இது தினமும் தேவைப்படும். பம்பையும் ஃபில்டரையும் தேர்ந்தெடுப்பதே இந்த எண்ணை வைத்துத்தான். வீட்டுக் குளத்தின் மொத்தத் தண்ணீரும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது பொது வழக்கு. 45,236-ஐ ஆறால் வகுத்தால் மணிக்கு 7,500 லிட்டருக்குச் சற்று மேல். 76,000 என்று நம்பினால் மணிக்கு 12,700 லிட்டர் பம்பு, அதற்கேற்ற பெரிய ஃபில்டர், அதற்கேற்ற கரண்ட் பில். இன்னும் பம்பு வாங்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று.

மருந்தும் அப்படியே. ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 45,000 லிட்டருக்கு 90 கிராம் சுத்தக் குளோரின். கடையில் 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் கிடைத்தால் 140 கிராம் போட வேண்டும். குளத்தில் 76,000 லிட்டர் இருக்கிறது என்று நம்புகிறவர் 234 கிராம் போடுவார். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஏற வேண்டியது 3.4 மில்லிகிராம் ஏறிவிடும். அமிலத்திலும் இதே பிசகு வந்தால் தண்ணீரின் காரத்தன்மை ஆட்டம் காணும். பிள்ளைகள் கண் எரிச்சலோடு வெளியே வருவார்கள், தண்ணீரைக் குறை சொல்வோம். பொருளின் பையில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதோ அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளீச்சிங் பவுடரில் இதில் பாதிதான் இருக்கும், டப்பா திறந்து வைத்தால் அதுவும் குறையும்.

இடையில் ஒன்று. குளத்துக்குள் ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது சிமெண்டில் வார்த்த கல், சூளையில் சுட்டது இல்லை. குளத்தில் படியும் உப்பைக் கழுவ அமிலம் தொட்டால் மேல்பூச்சும் நிறமும் அரித்துப் போகும். முகப்பிலும் பட்டாலையிலும் தலைமுறை தலைமுறையாகப் பளபளப்பது காலடி பட்டுத் துடைத்துத் துடைத்துத்தான். அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ. அதில் அதிகப் பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கூரையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நான்கு பக்க ஓட்டுச் சரிவும் வளவை, அதாவது நடு முற்றத்தை, நோக்கித்தான் இறங்கும். மழைக்காலத்தில் தாழ்வாரத்தின் மூலையில் கிடாரத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கிணற்றுக்கும் வெளியே வாய்க்காலுக்கும் விட்டவர்கள் வாழ்ந்த வீடு. தண்ணீரைச் சேர்க்கும் ஏற்பாடு கட்டும்போதே செய்தாகிவிட்டது. உங்கள் இரண்டாம் கட்டுக் கூரை மட்டும் 2,000 சதுர அடி என்று வைத்தால் 186 சதுர மீட்டர். ஓடு குடித்தது, தெறித்தது போக ஐந்தில் நான்கு பங்கு கையில் கிடைத்தால் ஒவ்வொரு மி.மீ. மழைக்கும் 149 லிட்டர். 45,236 லிட்டர் சேர 304 மி.மீ. மழை வேண்டும். ஒரு நல்ல பருவத்தில் அது சாத்தியம்தான்.

அதனால் என் யோசனை இது. குளத்தை ஏப்ரலில் லாரி வைத்து நிரப்ப அவசரப்படாதீர்கள். பூச்சு நன்றாக இறுகட்டும், பம்பு வேலை முடியட்டும். ஐப்பசி மழையை இரண்டாம் கட்டுக் கூரையிலிருந்து ஒரு குழாயில் பிடித்து, முதல் ஒன்றிரண்டு மழையைக் கழுவித் தள்ளிவிட்டு, மணல் வடிகட்டி வழியாகக் குளத்துக்கு விடுங்கள். குறைகிறதற்கு மட்டும் லாரி சொல்லுங்கள். குடிதண்ணீருக்கான கிணற்றையும் ஊருணியையும் இதற்குத் தொடவே வேண்டாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கோடைக்கு அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். கூரையில் விழுந்ததை எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் அப்பச்சிக்கும் மனம் ஒப்பும் என்று நினைக்கிறேன்.

போர் தண்ணீரைக் கொண்டு நிரப்புவதானால் முதலில் அதன் வரத்தை அளங்கள். 200 லிட்டர் பேரலை நிரப்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நான்கு நிமிடம் என்றால் மணிக்கு 3,000 லிட்டர், குளம் நிரம்பப் பதினைந்து மணி நேரம். ஆனால் மோட்டார் போட்டவுடன் அளந்ததை நம்ப வேண்டாம். மூன்று மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அதே பேரலை வைத்து அளந்தால் பெரும்பாலும் வரத்து இறங்கியிருக்கும். அதுதான் உண்மையான வரத்து. பக்கத்து வீட்டுக் கிணறு எவ்வளவு இறங்கியது என்பதையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

நிரப்பியதோடு முடியாது, ஆவியாகப் போவதும் உண்டு. உங்கள் மேற்பரப்பு 41.8 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியானால் 209 லிட்டர், ஒரு மாதத்துக்கு 6,200 லிட்டருக்கு மேல், அதாவது அரை லாரி. குளிக்காத நேரத்தில் மூடி போட்டு வைத்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும். நம் ஊர்க் காற்றுக்கும் வெயிலுக்கும் அந்தச் செலவு வீண் இல்லை. மறுபக்கம், திறந்த குளத்தில் நேரடியாக விழும் மழையும் உண்டு. 900 மி.மீ. என்றால் ஆண்டுக்கு 37,600 லிட்டர். ஆனால் அதில் அதிகப் பங்கு மூன்று மாதத்தில் வந்து, விளிம்பைத் தாண்டி வழிகிறதும் இருக்கும். வழிகிற தண்ணீர் கிணற்றங்கரைக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போகும்படி வாட்டம் பாருங்கள்.

தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறதோ என்று சந்தேகம் வந்தால் ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, படியின் மேல் வையுங்கள். வாளிக்குள் இருக்கும் மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். வாளியின் உள்ளேயும் வெளியேயும் கோடு போட்டு, பம்பை நிறுத்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. எத்தனை மி.மீ. கூடுதல் என்பதை 41.8-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று கிடைத்துவிடும்.

எடையையும் மறக்க வேண்டாம். 45,236 லிட்டர் என்றால் 45 டன். பின்கட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவர், அதன் அடித்தளத்தை ஒட்டிக் குளத்தின் கசிவு போனால் சுவருக்கு நல்லதில்லை. இடைவெளி எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று படத்தில் தெரியவில்லை, ஒரு கட்டுமானப் பொறியாளரை நேரில் கூட்டிவந்து காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் குளத்தைக் காலியாகவும் போட்டு வைக்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணில் நீர் ஏறினால் வெற்றுக் குளத்தைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும், தரை வெடிக்கும்.

கடைசியாக, கணக்கு சரிதானா என்று நிரப்பும்போதே சோதித்துவிடலாம். குழாயில் தண்ணீர் மீட்டர் மாட்டினால் உத்தமம். மீட்டர் இல்லை, லாரியில்தான் வருகிறது என்றாலும் உங்கள் குளத்தின் வடிவமே ஓர் அளவுகோலாக உதவும். ஆழமற்ற பகுதியின் தரைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை மட்டும் தனியாகக் கணக்கிடுங்கள். சரிவில் 10 × 15 × 1.5 = 225 கன அடி, ஆழத்தில் 8 × 15 × 3 = 360 கன அடி, அதில் திண்ணை பிடிப்பது 15 × 1.5 × 3 = 67.5 கன அடி. மிச்சம் 517.5 கன அடி, ஏறத்தாழ 14,650 லிட்டர். அதாவது முதல் லாரி முழுதாக இறங்கி, இரண்டாவது லாரியில் கால்வாசிக்குச் சற்றுக் குறைய இறங்கும்போது தண்ணீர் ஏறிவந்து ஆழமற்ற தரையின் விளிம்பைத் தொட வேண்டும். அங்கே ஒரு பையனை நிறுத்தி வைத்துத் தொடும்போது குரல் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது லாரி பாதி இறங்கிய பிறகும் தொடவில்லை என்றால், 12,000 என்று சொன்ன லாரியில் 9,800 லிட்டர்கூட இல்லை என்று பொருள், அல்லது குளத்தின் அளவில் எங்கோ பிசகு. லாரிக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதன் பிறகு மேலே இருக்கும் இரண்டரை அடிக்கு 30,582 லிட்டர் வேண்டும். படியும் திண்ணையும் மூழ்கிய பிறகு ஓர் அங்குலம் ஏற 1,062 லிட்டர் என்ற கணக்கு அப்படியே நடக்கும். ஆகவே கடைசி லாரியில் எவ்வளவு இறக்க வேண்டும் என்பதைப் பென்சில் கோட்டுக்குக் கீழே எத்தனை அங்குலம் பாக்கி என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

நிரம்பி முடிந்ததும் வந்த மொத்த லிட்டர், நீர்மட்டக் கோடு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை லிட்டர், இந்த மூன்றையும் மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டில் எழுதி வையுங்கள். நீங்கள் சென்னையில் இருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்தான் மருந்து போடப் போகிறார், அவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். டேப் வைத்து அளந்த அளவுகளை அனுப்புங்கள், படத்தோடு ஒப்பிட்டு மறுபடி போட்டுத் தருகிறேன்.